சஸ்பெக்ட்: ஓர் ‘ஓ’ கற்றுத்தந்த பாடம்

‘அவர் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்படுகிறேன்.’ ஆங்கிலத் தேர்வில் இதை மொழிபெயர்க்கக் கேட்டிருந்தார்கள். ‘ஐ டவுட் தட் ஹீ இஸ் லையிங்’ என்று தயங்காமல் எழுதினேன். மதிப்பெண் இல்லை. டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் ‘சந்தேகப்படு’ என்று மனப்பாடம் செய்ததன் விளைவு அது. நான் எழுதிய வாக்கியத்துக்கு, அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை என்று பொருள். கேட்டதற்கு நேர் எதிர்!

ஆதாரம் கையில் இல்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் சாய்ந்தால் அது சஸ்பெக்ட். அப்படி இருக்காது என்று சாய்ந்தால் டவுட்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஆங்கில இலக்கணம் அல்ல, தமிழ்தான். ‘அவர் பொய் சொல்கிறாரோ என்று சந்தேகம்’ என்கிறோம். ‘அவர் சொல்வது உண்மையா என்பது சந்தேகம்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் வரும் ‘ஓ’ சஸ்பெக்ட். இரண்டாவதில் வரும் ‘ஆ’ டவுட். நாம் தினமும் பிழையின்றிச் செய்யும் வேறுபாடு இது! அதனால், சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் வாக்கியத்தைத் தமிழில் ‘ஓ’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் சஸ்பெக்ட் என்று எழுதலாம்.

மருத்துவர்கள் ‘சஸ்பெக்ட் நிமோனியா’ என்றால் நிமோனியா இருப்பதை நம்பவில்லை என்று நான் நெடுநாள் புரிந்துகொண்டிருந்தேன். நிமோனியாவாக இருக்குமோ என்று கருதுகிறார்கள், அவ்வளவுதான்.

தேர்வில் அதிகம் தவறும் இடம், ஒருவர்மேல் குற்றம் ஐயுறும் வாக்கியம். ‘தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்.’ ஆளுக்குப் பின் ‘ஆஃப்’, அதன்பின் ‘இங்’ வடிவம். ‘ஃபார்’ போட்டால் பிழை. ‘சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற நினைப்பில் ‘ஐ ஆம் சஸ்பெக்டிங்’ என்று எழுதுவதையும் தவிருங்கள். இந்த வினை பொதுவாகத் தொடர்வினையாக வராது. உச்சரிப்பில், வினையாக வரும்போது அழுத்தம் ‘பெக்ட்’ மேல். சந்தேகத்துக்கு உள்ளானவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் ‘சஸ்’ மேல்.

குற்றம் இருந்தால்தான் இந்தச் சொல் வரும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் வருந்தாதீர்கள். நீங்கள் சொல்வதுதான் சரியோ என்று அவருக்குத் தோன்றுகிறது.