முத்துவுக்கு வெயில் கட்டின கதை

போன அக்டோபர்ல பையனோட ஃப்ரெண்டு வீட்ல ஊர் மாறிப் போறாங்கன்னு தெரிஞ்சுது, அவங்க வளத்த பியர்டட் டிராகன, அதான் தொண்டைல தாடி மாதிரி முள்ளு இருக்கற ஓணான் வகை, அத கூட கொண்டு போக முடியாதுன்னு சொன்னாங்க, பையன் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான், அவ்ளோதான், முத்து எங்க வீட்டுக்கு வந்துட்டான். நாங்க இருக்கறது கனடாவுல, ஸ்கார்பரோ. திண்டுக்கல்லுக்கு வீடியோ கால் போட்டு அம்மாட்ட காட்டுனேன், "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்கு"ன்னாங்க. அம்மா சொன்னதுல ஓணான் மட்டும் சரி. நம்ம ஊர் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான், அகாமிடேன்னு சொல்வாங்க. இது ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி, காஞ்சு கெடக்கற செம்மண் பூமிலேர்ந்து வந்த வகை. சின்ன வயசுல ஈர்க்குல சுருக்கு போட்டு ஓணான் புடிச்சவன் நான், அது இன்னும் மனசுல உறுத்துது, அதனாலயோ என்னவோ இவன ஒழுங்கா பாத்துக்கணும்னு அன்னைக்கே தோணிடுச்சு.

வந்தப்ப அவனுக்கு நாலு வயசு. மூக்குலேர்ந்து வால் நுனி வரைக்கும் 19 இன்ச். அவன் இருந்த கண்ணாடித் தொட்டி 30 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம். யோசிச்சு பாருங்க, திரும்பணும்னா வால மடக்கித்தான் திரும்பணும். கீழ கால்சியம் மணல், மேல ஒரு சுருள் பல்பு, ராத்திரிக்கு ஒரு செவப்பு பல்பு. குட்டியா வாங்குனப்ப கடைல செட்டா குடுத்தத அப்படியே வச்சிருந்திருக்காங்க, அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், பாசமாத்தான் வளத்தாங்க. ஆனா பின்னங்கால் லேசா நடுங்குச்சு. டாக்டர்கிட்ட கொண்டு போனா எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்குன்னாரு.

எனக்கு புரியல, கால்சியம் பவுடர் தெனம் தூவித்தான குடுத்திருக்காங்க? அப்பதான் டாக்டர் வெளக்குனாரு. வெயில்ல இருக்கற யுவிபிங்கற புற ஊதா ஒளி தோல்ல பட்டாத்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்யும், டி3 இருந்தாத்தான் திங்கற கால்சியம் எலும்புக்கு போய் சேரும், அது இல்லன்னா எவ்ளோ தூவுனாலும் பிரயோஜனம் இல்ல. ஜன்னல் பக்கம் வெயில் படுற மாதிரி வச்சிருந்தோம்னு அவங்க சொல்லிருந்தாங்க, ஆனா கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடு வரும், யுவிபி மட்டும் வராது. அந்த சுருள் பல்பும் அதுக்கு பத்தாது. இத கேட்டுட்டு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அவன பாத்துட்டே ஒக்காந்திருந்தேன்.

அதனால நான் பொட்டிலேர்ந்து ஆரம்பிக்கல, வெளிச்சத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். யுவிபி குடுக்கற 34 இன்ச் டியூப் லைட்டு, ரெப்டிசன் 10.0ன்னு பேரு, டி5ங்கற ஒல்லி வகை. வளந்த டிராகனுக்கு கொறஞ்சது நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம் வேணும்னு சொல்றாங்க, அந்த அளவுலயே பிவிசி பொட்டி வாங்குனேன், முன்னாடி நகத்தற கண்ணாடிக் கதவு. டியூப உள்பக்கம் கூரையிலயே மாட்டிட்டேன், ஏன்னா கம்பி வலைக்கு மேல வச்சா அந்த வலையே யுவிபில நல்ல பங்க தடுத்துடும். அவன் வெயில் காயற கல்லு டியூப்லேர்ந்து ஒரு 13 இன்ச் கீழ வர்ற மாதிரி அடுக்குனேன். சூடு குடுக்கற ஹாலஜன் பல்பயும் அதே பக்கம் மாட்டணும், இது முக்கியம், சூரியன் சூட்டையும் யுவிபியையும் தனித்தனியா குடுக்கறதில்லல்ல, அவன் எங்க ஒடம்ப காயப் போடுறானோ அங்க ரெண்டும் சேந்து விழணும்.

ஹாலஜன் 90 வாட், ஹார்ட்வேர் கடைல கிடைக்கற சாதாரண ஃப்ளட் பல்புதான். மொத நாள் போட்டுட்டு டெம்பரேச்சர் கன் வச்சு கல்ல அளந்தா 52 டிகிரி! அவன உள்ள விடறதுக்கு முன்னாடி அளந்தது நல்லதா போச்சு. டிம்மர் போட்டு கொறச்சு கொறச்சு 40க்கு கொண்டு வந்தேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா அதுலயே போச்சு. அந்தப் பக்கம் 40, இந்தக் கோடில 25. இவங்க ஒடம்புல நம்மள மாதிரி சூடு தானா உண்டாகி நிக்காது, வெயிலுக்கும் நெழலுக்கும் நடந்து நடந்துதான் ஒடம்பு சூட்ட சரி பண்ணிக்குவாங்க, சின்ன தொட்டில முழுசும் ஒரே சூடா இருந்தா எங்க போவான்? நாலடி எதுக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

மணல தூக்கிட்டேன். பூச்சியோட சேத்து முழுங்கி வயித்துல அடைச்சுக்கும்னு பயம். மண்ணும் மணலும் கலந்து போட்டா தோண்டி வெளையாடுவான்னு சொல்றவங்க இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு, ஆனா கால் தேறற வரைக்கும் எனக்கு அந்த ரிஸ்க் வேணாம். சொரசொரப்பான டைல்ஸ் போட்டேன், பல்புக்கு கீழ நல்லா சூடு புடிக்குது, நெகமும் தேயுது. ஒரு கனமான மரக்கிளை, குளிர்ச்சியான பக்கம் ஒளிஞ்சுக்க ஒரு குகை, தண்ணிக் கிண்ணம். ஈரப்பதம் 30லேர்ந்து 40 சதவீதத்துல இருக்கு, இங்க குளிர்காலத்துல ஹீட்டர் ஓடறதால காத்து தானாவே காஞ்சுதான் இருக்கும்.

செவப்பு பல்பும் போயாச்சு. இவங்களுக்கு உச்சந்தலைல வெளிச்சத்த உணர்ற மூணாவது கண்ணு ஒண்ணு உண்டு, ராத்திரின்னா இருட்டுதான் வேணும். வீடு 18 டிகிரிக்கு கீழ போனா மட்டும் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் தெர்மோஸ்டாட்ல ஓடும், அவன் தொட்டு சுட்டுக்காம இருக்க சுத்தி கம்பிக் கூடு.

மொத ரெண்டு நாள் குகைய விட்டு வரல, தாடி கருகருன்னு இருந்துச்சு, ஒண்ணும் சாப்பிடல. எடம் மாறுன பயம்னு தெரிஞ்சும் எனக்கு தூக்கம் வரல. மூணாம் நாள் காலைல பையன் கத்துறான், அப்பா ஓடி வாங்கன்னு. முத்து கல்லு மேல ஏறி, ஒடம்ப தட்டையா பரப்பி, வாய தொறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்கான். சூடு நெறஞ்சா அப்படித்தான் தொறப்பாங்க. அம்மாக்கு உடனே கால் போட்டு காட்டுனோம், கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நம்ம கெணத்தடி கல்லுல ஓணான் ஒக்காருமே, அதே மாதிரி இருக்கான்"ன்னாங்க.

நாலு மாசத்துல கால் நடுக்கம் நல்லா கொறஞ்சிருக்கு, அடுத்த எக்ஸ்ரே மார்ச்ல. டியூப் எரிஞ்சுட்டே இருந்தாலும் யுவிபி கொறஞ்சுட்டே வரும், கண்ணுக்கு தெரியாது, அதனால வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். பொட்டிக்கு மேல டேப் ஒட்டி பையன் கையெழுத்துல தேதி எழுதிருக்கு: நவம்பர் 9, முத்து பல்பு.