வெளியே தெரியாத போர்ட்

வீட்டு ரவுட்டரின் பின்புறம் நான்கு லேன் போர்ட்டுகள் தெரியும். உள்ளே சுவிட்ச் சிப்பில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. பிராசஸரோடு பேசும் அதை சிபியு போர்ட் என்போம். லேன் போர்ட்டில் இணைந்த கணினியிலிருந்து இணையத்துக்குப் போகிற, வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவுத் துண்டும், அதைக் கடந்தே தீரவேண்டும். ஆனால் 2008 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள, சுவிட்ச் சிப்புகளைக் கையாளும் டிஎஸ்ஏ கட்டமைப்பு, வெளிப் போர்ட்டுகளுக்கு மட்டுமே தனித்தனி இன்டர்ஃபேஸ் (மென்பொருளுக்குத் தெரியும் வலை முகப்பு) தருகிறது. சிபியு போர்ட்டுக்குத் தருவதில்லை.

நான் பணியாற்றிய நிறுவனத்தின் ரவுட்டர் பெட்டி ஒன்றில், லேன் கணினிகளுக்கு இறங்கும் தரவில் மட்டும் இழப்பு இருந்தது. பலகை சூடானால் அதிகமாகும். பாக்கெட்டுகளையும் பிழைகளையும் எண்ணிவைக்கும் லேன் போர்ட்டுகளின் கவுண்டர்களில் ஒரு பிழையும் இல்லை. பிராசஸரின் ஈதர்நெட் கவுண்டரும் அனுப்பியாயிற்று என்றே சொன்னது. இரண்டு கணக்குகளும் உண்மைதான். இடையில், பிராசஸரையும் சுவிட்சையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ தடத்தில் பாக்கெட் சிதைந்தது. சுவிட்ச் அதை வாசலிலேயே, பிழை கண்டறியும் எண்ணான சிஆர்சி பொருந்தவில்லை என்று எறிந்தது. அதை எண்ணிவைத்திருந்த ஒரே இடம், சுவிட்சுக்குள் இருக்கும் சிபியு போர்ட்டின் கவுண்டர். சிப்பை இயக்க அதன் நிறுவனம் கொடுத்த மென்பொருளான டிரைவர் அதை வெளியே காட்டவே இல்லை.

காட்டும் வேலை என்னிடம் வந்தது. சுவிட்சின் பதிவேடுகளை எம்டிஐஓ என்ற மெதுவான கட்டுப்பாட்டுத் தடம் வழியாகத்தான் வாசிக்க முடியும். வழக்கமான 2.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 16 பிட் பதிவேடு ஒன்றுக்கே சுமார் 26 மைக்ரோவினாடி ஆகும். டிரைவர் அதுவரை உறங்கிக் காத்திருக்க வேண்டும். கெர்னல் பொதுப் புள்ளிவிவரம் கேட்கும் இடத்திலோ உறங்க அனுமதியில்லை. எனவே பின்னணியில் ஒரு வேலை அவ்வப்போது வாசித்து, 64 பிட் கணக்கில் கூட்டி வைக்கிறது. கேட்பவருக்கு அந்த நகல் போகிறது. எவ்வளவு அடிக்கடி வாசிப்பது என்பதை வன்பொருளே தீர்மானித்துவிடுகிறது. 32 பிட் பைட் கவுண்டர், ஒரு கிகாபிட் முழு வேகத்தில் சுமார் 34 வினாடியில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

எண்களை எங்கே வைப்பது என்பதில்தான் வாக்குவாதம். சிபியு போர்ட்டின் பிழைகளைப் பிராசஸரின் ஈதர்நெட் பிழைகளோடு கூட்டி ஒரே எண்ணாகக் காட்டலாம், வாடிக்கையாளருக்கு எளிது என்றார் ஒருவர். நான் கடைசிவரை மறுத்தேன். கம்பியின் இரு முனைகளும் தனித்தனியே வைத்திருக்கும் கணக்கு, கடன் கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும் இருக்கும் இரண்டு நோட்டுகள் மாதிரி. பொருந்தாத இடத்தில்தான் உண்மை இருக்கிறது. கூட்டிவிட்டால் அது போய்விடும். டிஎஸ்ஏவும் இதைச் சரியாகவே செய்திருக்கிறது: சிபியு போர்ட்டின் கவுண்டர்களைப் பிராசஸர் இன்டர்ஃபேஸின் கவுண்டர்களைக் காட்டும் எத்டூல் கருவியின் பட்டியல் இறுதியில், போர்ட் எண்ணை முன்னொட்டாக்கி, மாற்றாமல் சேர்க்கிறது. நாங்களும் அதையே பின்பற்றினோம்.

காட்டியதும் காரணம் பிடிபட்டது. ஆர்ஜிஎம்ஐஐயில் கடிகாரச் சமிக்ஞை தரவைவிடச் சுமார் 2 நானோவினாடி பிந்தி வரவேண்டும். அந்தத் தாமதத்தைச் சேர்ப்பது சுவிட்சின் பொறுப்பு என்று பிராசஸர் பக்கமும், பிராசஸரின் பொறுப்பு என்று சுவிட்ச் பக்கமும் அமைக்கப்பட்டிருந்தன. பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ஒரு வரி மாற்றினோம். பிழை எண் நகராமல் நின்றது.

இரண்டு சுவிட்சுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பெரிய பெட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த இணைப்பின் இரு முனைகளுமே மறைந்த போர்ட்டுகள். எங்கள் கெர்னலில் இரண்டின் கணக்கும் வெளியே வரவில்லை. அடுத்து நான் கையிலெடுத்தது அதைத்தான்.