போன் கூடை

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். கலியாணம், சாமத்தியவீடு, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தங்களின் ஒன்றுகூடல், அப்புறம் சனிக்கிழமைகளில் டிஜே இரவு. சாப்பாடும் சவுண்டும் சரியா என்று பார்க்கத்தான் சம்பளம் தந்தார்கள், ஆனால் என் கண் போனது கதிரைகளில் இருந்த பெண்கள் பக்கம்.

டிஜே இரவில் ஆண்கள் வந்ததும் மேடையைப் பார்ப்பார்கள். பெண்கள் முதலில் மண்டபத்தைப் பார்ப்பார்கள். எந்த மேசையில் தெரிந்த முகம், அது யாருடைய மாமா, எவன் போனைத் தூக்கிப் பிடிக்கிறான். அந்தக் கணக்கு முடிந்துதான் பாட்டே காதில் விழும், அதற்குள் பத்து மணியாகி "அம்மா ஏசுவா" என்று எழும்பிவிடுவார்கள். காசு எல்லாருக்கும் ஒரே காசுதான்.

குடி பற்றிக் கேட்பீர்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு இருந்த பழைய தடையை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொல்லிவிட்டார். எங்கள் மண்டபத்தில் இரண்டாலும் ஒன்றும் மாறவில்லை, பெண்கள் மேசைக்கு முன்பும் பிறகும் நெல்லி ஜூஸ்தான்.

ஒரு ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா ஒருத்தி, தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் கிழமை, பெண்களுக்கு மட்டும் என்று சின்ன மண்டபத்தை எடுத்தா. பரிமாறப் பெடியள் வேண்டாம், வாசலில் ஒரு கூடை, எல்லாருடைய போனும் அதற்குள். டிஜே தம்பியை என்ன செய்வது? பக்கத்து அறையில் இருத்தி வயரை மட்டும் உள்ளே இழுத்தோம். தான் போட்ட பாட்டுக்கு யார் ஆடினார்கள் என்று பாவம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

லைற்றைக் குறைக்கச் சொல்வார்கள் என்று நினைத்துக் கையை சுவிச்சில் வைத்திருந்தேன். கூடை நிறைந்ததும் ஒரு பிள்ளை கத்தினாள்: "அக்கா, எல்லா லைற்றையும் போடுங்கோ, ஒண்டும் தெரியேல்லை!" இத்தனை வருடம் பெண்கள் இருட்டு மூலையைத் தேடி இருந்தது வெட்கத்தில் என்று நான் நம்பியிருந்தேன்.

இடைவேளையில் ரொறன்ரோ அக்கா லாஸ் வேகாஸ் கதை சொன்னா. சிப்பெண்டேல்ஸ் என்று பெண்களுக்காக ஆண்கள் உடுப்பைக் கழற்றி ஆடும் நிகழ்ச்சி, 1979இல் லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கியது, தொடங்கியவர் இந்தியாவிலிருந்து போன பானர்ஜி என்பவர். சிநேகிதிகளோடு ரிக்கற் எடுத்துப் போனாவாம். "அவங்கள் சேட்டைக் கழட்டேக்க நான் மேடையைப் பார்க்கேல்லையடி, சனத்துக்குள்ள தமிழாக்கள் ஆரும் இருக்கினமோ எண்டுதான் பார்த்தனான்."

எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுபது தாண்டியவர். அவருடைய சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் சாமத்தில் சின்னமேளம் ஆடுமாம், பெண்கள் ஆடும் சதிர்தான் அது. சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கோயில்களில் சதிர் கூடாதென்று எதிர்த்தும் நிற்காத ஆட்டம் அது. "முன்னுக்கு முழுக்க ஆம்பிளையள். நாங்கள் பின்னால பாயில. ஆட்டத்தை எங்க பார்த்தது? அவையின்ர பிடரியைத்தான் பார்த்தனாங்கள்." சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பேத்தியிடம், "விலகடி, மறைக்கிறாய், பின்னால நிக்கிறவள்தான் வடிவா ஆடுறாள்" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தியின் போனில் பதினொரு மிஸ்ட் கால். அவள் அதைப் பார்த்துக்கொண்டே சீலையைச் சரிசெய்தாள்.

அடுத்தநாள் காலை மனேஜர் கூப்பிட்டார். சின்ன மண்டபத்துச் சிசிடிவியில் இரவு முழுக்க ஒன்றுமே பதியவில்லை, ஒரே சிவப்பாக இருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டார்.

"பலூன் கட்டினது கமராவை மறைச்சிட்டுது, சேர்" என்றேன். ஏணி பிடித்து அதைக் கட்டியது நான்தான்.