குறைத்த ஒரு மதிப்பெண்

"நீங்க சொன்னதைத்தானே சார் எழுதியிருக்கேன்?"

விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாணவி கேட்டது இவ்வளவுதான். ஹங்கேரி சோவியத் குடியரசு ஏன் விழுந்தது என்பது கேள்வி. "நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால் குடியரசு நிலைத்திருக்கும்" என்று முடித்திருந்தாள். நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, 'ஊகம்' என்று எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்திருந்தேன்.

வகுப்பில் அப்படிச் சொன்னது நான்தான். 1919 மார்ச் 21 முதல் ஆகஸ்ட் 1 வரை, ஹங்கேரியில் 133 நாள் கம்யூனிஸ்ட் ஆட்சி. அதை நடத்திய பேலா குன்னின் அரசு பெரும்பண்ணைகளைப் பறித்தது. ஆனால் கூலி விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் கூட்டுறவுப் பண்ணைகளாக்கியது. பல இடங்களில் பழைய காரியஸ்தரே பொறுப்பில் தொடர்ந்தார். நேற்று யாருக்குப் பயந்தார்களோ அவர் முன்னாலேயே மறுநாளும் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். முந்தைய ஆட்சியின் தலைவர் காரோயி பிரபுவோ, அந்தப் பிப்ரவரியில் தன் சொந்த நிலத்தையே பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். இதைச் சொல்கையில் என் குரல் உயர்ந்துவிட்டது. அப்போதுதான் கேட்டாள்: "கொடுத்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களா சார்?"

"கண்டிப்பா."

அவள் அப்பா குத்தகைக்கு உழுகிறவர். அது மனதில் இருந்ததால் அப்படிச் சொன்னேனோ என்னவோ.

"வகுப்புல பேசுறது வேற, பரீட்சையில எழுதுறது வேறம்மா" என்றேன். தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மதிப்பெண் குறைத்தது சரிதான். ஸ்லோவாக்கியாவில் முன்னேறிய குடியரசின் செஞ்சேனை, ருமேனியர் விலகுவார்கள் என்று பிரெஞ்சுப் பிரதமர் க்ளெமான்சோ கொடுத்த வாக்கை நம்பிப் பின்வாங்கியது; ஆனால் ஹங்கேரிக்குள் வந்திருந்த ருமேனியப் படை திஸா ஆற்றுப் பகுதியை விட்டு நகரவில்லை. சிப்பாய்களின் மனம் அங்கேயே உடைந்தது. நிலம் கொடுத்திருந்தால் ருமேனியர் திரும்பிப் போயிருப்பார்களா?

ஆனால் அந்த 'வெள்ளைப் பணம்' நினைவுக்கு வருகிறது. குன் அரசு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மறுபக்கம் வெறுமையாக விட்ட நோட்டு. குடியானவர்கள் அதைத் தொட மறுத்து, பழைய நீல நோட்டுதான் வேண்டும் என்றார்கள். தானியம் வராமல் புடாபெஸ்ட் பட்டினி கிடந்தது. காலடியில் சொந்த நிலம் இருந்திருந்தால் அந்த வெள்ளை நோட்டை வாங்கியிருப்பார்களோ? நகரத்துக்கு வண்டி கட்டியிருப்பார்களோ? நானும் இப்போது ஊகம்தான் செய்கிறேன்.

அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தால், நான் சொன்ன 'கண்டிப்பா' சரி என்றாகிவிடும். கொடுக்காவிட்டால், என் பேச்சை நம்பியதற்கு அவளைத் தண்டித்தவனாவேன். விடைத்தாள் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கவில்லை.