ரெண்டு ரேமும் நல்லதுதான், சேர்ந்தால்தான் சண்டை

மூன்று வாரமாக வீட்டுக் கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் நீலத் திரையைக் காட்டிப் படுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்றது, மறுநாள் பேஜ் ஃபால்ட், இன்னொரு நாள் எதுவுமே சொல்லாமல் ரீஸ்டார்ட். அக்கா பையன் "வைரஸ்தான் மாமா" என்றான். கடைக்காரரோ போனிலேயே "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்று முடித்துவிட்டார். பண்ணினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ராத்திரியே மறுபடி நீலம்.

டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே ஃபைல் பெயர் திரும்பத் திரும்ப வரும். இப்படி நாளுக்கு ஒரு காரணம் சொன்னால் முதலில் ரேமைத்தான், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தைத்தான், சந்தேகப்பட வேண்டும். எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது.

திருவான்மியூர் உப்புக் காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே துருப்பிடித்துக் கிடக்கிறது, அதனால் ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் பழைய கதை.

அப்புறம்தான் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் பிழைகள் வரிசையாக நிற்கின்றன. சரி, உள்ளே இருக்கும் ரெண்டு ரேம் குச்சிகளில் எது? ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன் (ஸ்லாட்டை மாற்றினால் குற்றவாளி ரேமா ஸ்லாட்டா என்று தெரியாது). ரெண்டும் சுத்தம். அதில் ஒன்றை அடுத்த ஸ்லாட்டில் போட்டேன், அதுவும் சுத்தம். சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை!

ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது, மற்றது ரெண்டு வருஷம் கழித்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. ரெண்டிலும் டிடிஆர்4, 8 ஜிபி, 3200 என்றுதான் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த 3200, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, போட்டால் கிடைக்கும் வேகம். தனித்தனியாக வாங்கிய குச்சிகள் அந்த வேகத்தில் ஒத்துப்போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எக்ஸ்எம்பியை அணைத்தேன், 2666-க்கு இறங்கியது. நாலு சுற்று டெஸ்ட், ஒரு பிழை இல்லை. வேகம் குறைந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அந்த மூன்று வாரத்தில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்த போட்டோக்களில் நாலைந்து, ரேம் பிழையால் கெட்டதோ என்னவோ, பாதி சாம்பல் நிறமாகத் திறக்கின்றன. நல்லவேளை, போனில் இன்னும் அழிக்கவில்லை. இன்று ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி காப்பி செய்ய வேண்டும்.