சில நேரம் போகிறது, சில நேரம் நிற்கிறது

சர்வருக்குள் லாக்இன் ஆகவே முடியவில்லை என்று புகார் வந்தால் அதைப் பிடிப்பது பெரும்பாலும் எளிது. சர்வர் படுத்துவிட்டதா, தூரத்திலிருந்து லாக்இன் ஆக உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை நின்றிருக்கிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா, பாஸ்வேர்டு காலாவதியா என்று நாலு இடத்தைத் தொட்டால் ஒன்றில் விடை இருக்கும். "சில நேரம் போகுது சார், சில நேரம் நின்னுடுது" என்று வரும் புகார்தான் ஆளைச் சுற்ற வைக்கும். இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டிய சர்வர்களில் இது அடிக்கடி வரும். அப்படி வந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன். நாங்கள் நம்பியிருந்த சோதனைகள் எல்லாம் அன்று பச்சை காட்டின. புகார் சொன்னவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அது ஒரு டேட்டாபேஸ் சர்வர். பத்து ஜிகாபிட் கார்டு இரண்டு. ஒன்று ஒரு ஸ்விட்சுக்கும் மற்றது அதன் ஜோடி ஸ்விட்சுக்கும் போகும். லினக்ஸில் இரண்டையும் ஒரே பாண்டாகக் கட்டி மோட் 4-இல், அதாவது எல்ஏசிபியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். 2000-இல் ஐஇஇஇ 802.3ஏடி என்ற பெயரில் வந்த தரம் இது. சர்வரும் ஸ்விட்சும் தங்களுக்குள் சின்னச் சின்னச் செய்திகள் அனுப்பி, இந்த லிங்க் நம் கூட்டில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டே இருக்கும். ஒரு கேபிள் போனாலும் மற்றதில் வேலை ஓடும். பேக்அப் வேகமாகப் போகட்டும் என்று எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 என்று வைத்து ஜம்போ ஃபிரேமும் போட்டிருந்தோம். எல்லோரும் முதலில் நுழைந்து அங்கிருந்து மற்ற சர்வர்களுக்குப் போகிற ஜம்ப் சர்வரும் அதே விலானில் (ரூட்டர் குறுக்கே வராத ஒரே நெட்வொர்க் பிரிவில்), அதே 9000-இல்.

ஒரு வார இறுதியில் நெட்வொர்க் குழு அந்த ஜோடியில் ஒரு ஸ்விட்சை மாற்றியது. திங்கட்கிழமை காலையில் டிக்கெட்டுகள் வர ஆரம்பித்தன. எனக்குப் போகவில்லை, பக்கத்து சீட்டில் போகிறது. இப்போது போகவில்லை, மறுபடி முயன்றால் போகிறது. உள்ளே போய்விட்டேன், ஆனால் ஒரு லாக் ஃபைலைத் திறந்தால் திரை உறைந்துவிடுகிறது. மூன்றும் வேறு வேறு பிரச்சினை போலத் தெரிந்ததால் மூன்று பேரிடம் பிரிந்து போயின. மானிட்டரிங் திரையிலோ எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட் பச்சை. நெட்வொர்க் குழுவைக் கேட்டால், "எங்க சைடு ரெண்டு லிங்க்கும் அப்லதான் சார் இருக்கு." அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

சர்வரில் பாண்டிங் நிலவரத்தைப் பார்த்தேன். இரண்டு கார்டும் அப். இரண்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி ஒன்றே, அதாவது இரண்டும் ஒரே கூட்டில்தான் இருக்கின்றன. எதிர்முனை ஸ்விட்சின் மேக் முகவரியும் சரியாக வந்திருக்கிறது. எல்ஏசிபி பேசவில்லை என்றால் அந்த இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள் நிற்கும். பாண்டிங் பிரச்சினை என்றால் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். இங்கே குறை எதுவும் இல்லை.

அப்புறம் ஜம்ப் சர்வரிலிருந்து எஸ்எஸ்ஹெச்சை, ஒவ்வொரு படியையும் திரையில் சொல்லும்படி, மூன்று வி (-vvv) போட்டு ஓட்டினேன். நின்றுபோகும் லாக்இன் எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. இணைப்பு உண்டாகிறது, இரு பக்கமும் பதிப்பு எண்ணைச் சொல்லிக்கொள்கின்றன, எங்களுக்குத் தெரிந்த சங்கேத முறைகள் இவை என்ற பட்டியலை கிளையன்ட் அனுப்புகிறது, சர்வரின் பட்டியலும் வந்து சேர்கிறது. அடுத்து சாவிப் பரிமாற்றத்துக்கான பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறது. பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே வரவில்லை. ஆகவே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாம், எல்டாப், கணக்கு பூட்டப்பட்டது என்று அதுவரை நடந்த பேச்செல்லாம் அங்கேயே முடிந்தது.

இந்த இடத்தில் நின்றால் அனுபவப்பட்டவர்கள் எம்டியு என்பார்கள். காரணம் இருக்கிறது. அதுவரை போனவை சின்ன பாக்கெட்டுகள். கிளையன்ட் அனுப்பும் அந்தப் பட்டியல்தான் உரையாடலின் முதல் பெரிய பாக்கெட். பதிப்பைப் பொறுத்து ஒன்றரை ஆயிரம் பைட் அளவுக்கு வரும். எம்டியு 9000 என்று நம்பும் இயந்திரம் அதைத் துண்டாக்காமல் ஒரே பாக்கெட்டாக அனுப்பிவிடும். வழியில் 1500-க்கு மேல் தாங்காத ஸ்விட்ச் ஒன்று இருந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரூட்டராக இருந்தால் "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்று திருப்பிச் சொல்லும். ஒரே விலானுக்குள் ஃபிரேமைக் கடத்தும் ஸ்விட்ச் அப்படிச் சொல்லாது. கிளையன்ட் அதே பாக்கெட்டை இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். லினக்ஸில் டிசிபி தானாக அளவைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் இயல்பில் அணைந்திருக்கும்.

ஆனால் எம்டியு சோதனையைக் காலையிலேயே செய்துவிட்டார்கள். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 8972 பைட் பிங், அதாவது போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை பாக்கெட். தலைப்பு 28 பைட்டையும் சேர்த்தால் சரியாக 9000. அது ஒழுங்காகப் போய்த் திரும்பியது. டிக்கெட்டில் "எம்டியு ஓகே" என்று எழுதி அந்தக் கதவையும் மூடியிருந்தார்கள்.

பாண்டிங் சர்வரோடு வேலை செய்கிற எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. பாண்டில் எந்த பாக்கெட் எந்தக் கேபிளில் போகும் என்பது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. ஒரு ஹாஷ் கணக்கு அதை முடிவு செய்கிறது. நாங்கள் வைத்திருந்தது லேயர் 3+4; இரண்டு ஐபி முகவரி, இரண்டு போர்ட் எண், நாலையும் வைத்துக் கணக்கு. எஸ்எஸ்ஹெச் ஒவ்வொரு முறையும் புதிய சோர்ஸ் போர்ட்டில் (அனுப்பும் பக்கத்துப் போர்ட் எண்ணில்) கிளம்பும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் கேபிள் மாறலாம். பிங்குக்குப் போர்ட்டே கிடையாது. ஓடவிட்ட ஒரு பிங்கை நாள் முழுக்க நிறுத்தாமல் விட்டாலும் ஒவ்வொரு திசையிலும் அது ஒரே கேபிளில்தான் போகும். காலையில் அடித்த பிங் நல்ல வழியில் மட்டுமே போய் வந்திருக்கிறது.

இன்னொன்று: போகும் வழியைச் சர்வர் கணக்கிடுகிறது, வரும் வழியை அந்த ஜோடிக்கு மேலே இருக்கும் கோர் ஸ்விட்ச் தன் கணக்கில் முடிவு செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. ஒரே உரையாடல் ஒரு கார்டில் வந்து மற்றதில் திரும்பலாம். அந்த உறைந்துபோன லாக் ஃபைல் இதனால்தான். வரும் திசை நல்ல கேபிள் என்பதால் லாக்இன் ஆகிவிடும். போகும் திசை கெட்ட கேபிள் என்பதால், சர்வர் பெரிதாக எதையாவது திருப்பி அனுப்பும் வரை ஒன்றும் தெரியாது.

இதை உறுதி செய்ய, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை பாண்ட்0 மேல் ஓட்டாமல் இரண்டு கார்டுகள் மேலும் தனித்தனியாக ஓட்டினேன். பாண்ட் மேல் ஓட்டினால் எல்லாம் கலந்து ஒரே ஆறாகத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தபோது, நின்றுபோன லாக்இன் ஒவ்வொன்றும் புதிய ஸ்விட்ச் பக்கத்துக் கார்டில் வந்தது. சின்ன பாக்கெட்டுகள் வரும், பெரியது வராது. எல்ஏசிபியின் செய்தி நூற்றுச் சொச்சம் பைட்தான், அதனால் பாண்டிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்தக் கார்டு செருகியிருந்த ஸ்விட்ச் போர்ட்டை நிறுத்தச் சொன்னதும் எல்லோருக்கும் லாக்இன் ஆனது. உடனே, "கார்டு போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போர்ட்டை நிறுத்தினால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரியுமே தவிர, கோளாறு என்னவென்று தெரியாது. நெட்வொர்க் குழுவிலிருந்த ஒரு தம்பி புதிய ஸ்விட்சின் கவுண்டர்களைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஜயன்ட்ஸ் நிறைய இருக்குண்ணா" என்றார். அளவு மீறி வந்த ஃபிரேம்களின் கணக்கு அது. பழைய ஸ்விட்சில் ஜம்போ அமைப்பு முழு ஸ்விட்சுக்கும் ஒரே வரியாக இருந்திருக்கிறது. போர்ட் அமைப்புகளை நகலெடுத்தபோது அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அவர் ஃபிரேம் அளவை 9216 என்று போட்டு போர்ட்டைத் திறந்தார். அதன்பின் எந்த லாக்இனும் நிற்கவில்லை.

லாக்இன் நிற்காமல் ஐந்தைந்து நொடியாகத் தாமதமானால் இந்த வழியில் தேட வேண்டாம். அங்கே முதலில் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் ரிசால்வர் ஒரு முறை காத்திருக்கும் நேரம் இயல்பில் ஐந்து நொடி. இதுபோல சர்வரின் கார்டையோ பாண்டையோ தொடும் வேலையை அதே எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்யவும் கூடாது. சர்வரோடு வரும் தனி நிர்வாக வழியான ஐடிராக்கோ ஐஎல்ஓவோ, கன்சோல் ஒன்று திறந்திருக்க வேண்டும்.

பிறகு மானிட்டரிங் குழுவோடு உட்கார்ந்தோம். போர்ட் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவந்த சோதனையை மாற்றி, ஜம்ப் சர்வரிலிருந்து உண்மையாகவே லாக்இன் செய்து சில ஆயிரம் பைட் வாங்கிவரும்படி வைத்தோம். சோர்ஸ் போர்ட் மாறிக்கொண்டே இருக்கும்படி சில முறை தொடர்ந்து. டிக்கெட் படிவத்தில் "போகிறதா, இல்லையா" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எந்த இயந்திரத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வரி வரை வந்து நின்றது என்று கேட்க ஆரம்பித்தோம்.