அப்பாவின் டிரங்குப் பெட்டி: ஒரு சாப்பரின் காகிதங்கள்

3 நவம்பர் 2024, ஞாயிறு

அப்பாவின் காரியம் முடிந்து உறவெல்லாம் ஊர் திரும்பியாயிற்று. அவர் இராணுவத்தில் சாப்பர், அதாவது பாதை அமைத்து, கண்ணிவெடி அகற்றும் பொறியியல் படையின் வீரர். இனி அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். அப்பா தன் பிறந்த தேதியைக்கூடத் தடுமாறிச் சொல்வார். அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்வார். படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸானாலும் ஓய்வூதிய அலுவலகமானாலும் நம்பர் இல்லாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதல் வேலை, நம்பரைப் படம் பிடித்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்தது.

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டக் கூடாது. ஒவ்வோர் அடுக்கையும் இருந்தபடியே படம் எடுத்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். எந்தக் கடிதம் எந்தப் புகைப்படத்தோடு கிடந்தது என்பதே பல சமயம் தேதி போடாத படத்துக்குத் தேதியைச் சொல்லிவிடும். அந்துருண்டைகளை முதலில் வெளியே எடுத்துவிட்டோம். அவை புகைப்படத்தையும் பிளாஸ்டிக்கையும் தொட்டுக்கொண்டு கிடந்தால் கறை பிடிக்கும்.

தெருமுனை அஞ்சலி பேனரில் ‘இரு போர்களில் எதிரியைச் சந்தித்த மாவீரர்’ என்று போட்டு, பக்கத்தில் ஏ.கே.47 படம் வைத்திருக்கிறார்கள். 1971இல் நம் படையினர் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. படத்தை விடுங்கள். ‘இரு போர்கள்’ (1965, 1971 பாகிஸ்தான் போர்கள்) சரியா என்பதைப் பெட்டிதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உடல்மீது மூவர்ணக் கொடி போர்த்தவில்லையே என்று சிலருக்கு வருத்தம். அரசு, இராணுவ, துணை இராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர வேறெதிலும் கொடியைப் போர்த்தக் கூடாது என்பது கொடிச் சட்ட விதி. போர்த்துகிற இடத்திலும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும்; கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அப்பாவே இதில் கறாரான ஆள். போர்த்தாததுதான் அவருக்குப் பிடித்திருக்கும்.

5 நவம்பர், செவ்வாய்

நினைவுகளுக்கு முன்னால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். அப்பாவின் ஓய்வூதியம் இறந்த நாள் வரைதான். தகவல் போகும்வரை கணக்கில் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துச் செலவழித்தால் பிற்பாடு பிடித்தம் வரும். ஆகவே இறப்பை முதலில் ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் பதிய வேண்டும். தனக்குச் செய்ய வராதவர்கள் பொதுச் சேவை மையம் வழியாகப் பதியலாம். கையில் வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்), அம்மாவின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்.

சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பிள்ளைகள் பலர் கவனிக்காத ஒன்று, அம்மாவின் பிறந்த தேதி. குடும்ப ஓய்வூதியதாரருக்கு 80 வயதானதும் 20 சதவீதம் கூடும், 85இல் அது 30, 90இல் 40. பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. இப்போதே ஆதாரத்தோடு அதை ஏற்றி வைக்காவிட்டால் 80 வந்த பிறகு அந்த உயர்வுக்காக அலைய வேண்டும்.

பெயர்க் குழப்பம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இராணுவ ஆவணத்தில் ‘அம்மாள்’ இருக்கும், ஆதாரில் இருக்காது. இன்ஷியல் முன்னே பின்னே மாறும். மாவட்டமும் இடிக்கும்: அப்பாவின் காகிதத்தில் ‘வட ஆற்காடு’. அது 1989இல் பிரிந்தது. மிச்சம் இருந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஊர் நகரவில்லை என்பதை வட்டாட்சியர் அலுவலகச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும்தான் நிரூபிக்க வேண்டும். மனைவி பெயர் திருத்தம் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகப் போவது. மதராஸ் சாப்பர்களுக்கு அது பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸ். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அம்மாவுக்குப் புது அடையாள அட்டைக்கும் மனு கொடுத்தாயிற்று. இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையையும் மாற்ற வேண்டும்.

9 நவம்பர், சனி

டிஸ்சார்ஜ் புக். துணி ஒட்டிய முதுகு, உள்ளே பழுப்பேறிய தாள். சேர்ந்தது 1963, வெளியே வந்தது 1983, ஹவில்தார், ட்ரேடு கார்பெண்டர். 1962 சீனப் போருக்குப் பின் படையைப் பெருக்கியபோது வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் ஒருவர்.

இதைப் படிக்க ஒரு முறை உண்டு. ‘விடுவித்த காரணம்’ என்ற வரியில் ஆர்மி ரூல் 13(3), ஐட்டம் 3 என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சிற்றெண் இருக்கும். அந்தச் சிற்றெண்தான் முக்கியம். (1) என்றால் ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்தவர், (3) என்றால் உடல் தகுதிக் குறைவு, (4) என்றால் சொந்த விருப்பம். (3) இருக்கும் வீடுகள் ஊனமுற்றோர் ஓய்வூதியம் சரியாகக் கிடைத்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்து நடத்தை: அப்பாவுக்கு ‘எக்ஸம்ப்ளரி’. அதற்குமேல் ஒரு தரம் கிடையாது. இருபது ஆண்டில் சிவப்பு மை (தண்டனைப் பதிவு) ஒன்றும் விழவில்லை.

லேமினேட் செய்துவிடலாமா என்று யாராவது கேட்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பாலியெஸ்டர் உறை போதும். துருப்பிடித்த பின்களை இழுக்காமல், மழுங்கின கத்தி முனையால் காலை நிமிர்த்தி எடுக்க வேண்டும்.

16 நவம்பர், சனி

மெடல்கள். ஓர் ஊதுபத்தி டப்பாவில் கிடந்தன.

விளிம்பைப் பார்த்தால்தான் மெடல் பேசும். 1971 போரின் மேற்கு முனைக்கான பஸ்சிமி ஸ்டாரைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் சிறிய எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் தெரிந்தன. ரேங்க் லான்ஸ் நாயக். டிஸ்சார்ஜ் புக்கில் ஹவில்தார். இது தவறல்ல, மெடலில் இருப்பது பழைய ரேங்க், அவ்வளவுதான். இந்த எழுத்து இருப்பதால்தான் பிராஸோ கூடாது, புளி கூடாது, விபூதி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பளபளப்பு வரும், பெயர் போய்விடும். ரிப்பனைக் கழற்றிவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். பச்சைக் களிம்பு தெரிந்தால் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். ரிப்பனைத் துவைத்தால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கன்டோன்மென்ட் கடைகளில் புது ரிப்பன் கிடைக்கிறது. மாட்டினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது பேனர் விஷயம். அப்பாவிடம் 1965க்கு ரக்ஷா மெடல் இருக்கிறது, சமர் சேவா ஸ்டார் இல்லை. முன்னது அந்த ஆண்டு படையில் இருந்தவருக்கு, பின்னது போர்க்களப் பகுதியில் இருந்தவருக்கு. 1971க்கு சங்க்ராம் மெடல், பஸ்சிமி ஸ்டார் இரண்டும் உண்டு. சங்க்ராம் அப்போது படையில் இருந்ததைச் சொல்லும். ஸ்டார்தான் அவர் மேற்கு முனையில் இருந்ததைச் சொல்லும். கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார். ஆக, அப்பா களம் கண்டது ஒரே போர். பேனர் அடித்த தம்பி முகம் சுருங்கிப்போனான். ஒரு போர் போதாதா?

மற்றவை: 25ஆம் சுதந்திர ஆண்டு மெடல் (1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு), 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவை மெடல்கள், சைன்ய சேவா மெடல். கடைசியதன் ரிப்பனில் உலோகப் பட்டை ஒன்று இருக்கும்; அதிலுள்ள இடப்பெயரைப் படியுங்கள். அப்பாவுடையதில் நேஃபா, இன்றைய அருணாசலப் பிரதேசம். அங்கே இருந்ததை அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

24 நவம்பர், ஞாயிறு

இன்லண்டு கடிதங்கள். அனுப்புநர் இடத்தில் நம்பர், ரேங்க், பெயர், ‘9 இன்ஜினியர் ரெஜிமெண்ட், 56 ஏ.பி.ஓ.’ (இராணுவ அஞ்சலகம்). ஊர்ப் பெயரை எழுத அனுமதி இல்லாததால் உள்ளே தேடிப் பயனில்லை. கள அஞ்சலக முத்திரையின் எண்ணும் தேதியும்தான் ஆதாரம். முத்திரை மங்கியிருந்தால் ஒரு பக்கமாக டார்ச் அடித்துப் படம் எடுத்தால் எழுத்து எழும்பும்.

1971 நவம்பர் கடைசிக்குப் பிறகு கடிதமே இல்லை. அடுத்தது 1972 ஜனவரி, அதுவும் கடிதமல்ல, மணியார்டர் கூப்பன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் தாளில் பென்சிலால்: ‘நான் சௌக்கியம். கிணற்றுக் கயிறு வாங்கவும். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லவும்.’ போரைப் பற்றி அவர் எழுதியது மொத்தமும் இதுதான். பென்சில் எழுத்து ஈரத்தில் போகாது, உரசினால் போய்விடும். அதனால் தனி உறையில் வைத்தாயிற்று. கூப்பன்களைச் சில்லறைத் தாள் என்று கடாசிவிடுகிறார்கள். பணம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்த முத்திரை, அவர் கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது இதில்தான்.

30 நவம்பர், சனி

ஸ்கேன். புகைப்படம் 600 டி.பி.ஐ., கடிதம் 300 போதும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன கல்யாணப் படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடே எடுத்தோம். ஆல்பம் பசையில் ஒட்டியதைப் பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்து எடுக்கலாம். பெயர் எழுத மென்மையான பென்சில், பின்பக்க ஓரத்தில். வேலை அலுப்பானது, வேறொன்றுமில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

அப்பாவோடு ரெஜிமெண்டின் அதே கம்பெனியில் (படைப்பிரிவில்) இருந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். இப்படிப்பட்டவர்களிடம் ‘போர் எப்படி இருந்தது’ என்று கேட்டால் பதில் வராது. எந்த பிளட்டூன், யார் செக்‌ஷன் கமாண்டர், கையில் என்ன சாமான், ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்டால் பேச்சு ஊற்றெடுக்கும்.

அவர் பேசியது பசந்தரைப் பற்றி. அது ராவியில் கலக்கும் ஆறு. பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில் ஓடுகிறது. நம் 54ஆம் காலாட்படை டிவிஷன் அதைக் கடந்தாக வேண்டும். ஆற்றின் இருபுறமும் கண்ணிவெடி வயல், ஆற்றுப் படுகை சேறு. 1971 டிசம்பர் 15 இரவு 16 மெட்ராஸ், 3 கிரெனேடியர்ஸ் உள்ளிட்ட காலாட்படை அக்கரையில் கால் ஊன்றியது. டாங்கிகள் பின்னால் வர வழி அமைக்க வேண்டியது சாப்பர்கள் பொறுப்பு.

வழி அமைப்பது இப்படி. குப்புறப் படுத்து, கம்பியைத் தரைக்குச் சாய்வாக, ஏறத்தாழ 30 டிகிரியில், மெல்லச் செருக வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் மேல்தட்டில் அழுத்தம் விழும். சாய்த்துச் செருகினால் பக்கவாட்டில் முட்டும். முட்டினால் கையால் மண்ணை விலக்க வேண்டும். அடியில் இன்னொரு பொறி கட்டியிருக்கலாம் என்பதால் சட்டென்று தூக்கக் கூடாது. தூய்மை செய்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா. நாடாவைத் தாண்டும் டாங்கி செயினை இழக்கும், பாதையும் அடைபடும். இத்தனையும் பீரங்கிக் குண்டு விழும் இருட்டில், டிசம்பர் குளிரில் விறைத்த விரல்களால். பாதை முழுக்க முடியுமுன்பே 17 பூனா ஹார்ஸின் டாங்கிகள் அதில் இறங்கிக் கடந்தன. மறுநாள் அங்கே வீழ்ந்த செகண்ட் லெஃப்டினன்ட் அருண் கேத்தர்பாலின் பெயர் நாடறியும். பாதை அமைத்த 9 இன்ஜினியர் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அங்கேயே உயிர்விட்டு மகாவீர் சக்ரா பெற்றார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பா செய்தது என்ன என்று பெரியவர் சொன்னது ஒரே வரி: “உங்கப்பா நாடா புடிச்சாரு, நான் கம்பி போட்டேன்.” ஆள், இடம், தேதியோடு அவர் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

16 டிசம்பர், திங்கள்

படத்திறப்பு மலருக்கு இன்று வாசகம் முடிவானது. ‘ஹவில்தார், மதராஸ் சாப்பர்ஸ், 1963–1983. 1971 போரில் மேற்கு முனையில் பணி. பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல். பசந்தரில் கண்ணிவெடிப் பாதையில் நாடா பிடித்தவர் (உடன் பணிபுரிந்தவர் கூற்று).’ அடைப்புக்குள் இருப்பதை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுக்கவில்லை. ஏ.கே.47 படத்துக்குப் பதில் கார்பெண்டர் உளி ஏந்திய 1969 படம்.

மெடல்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் பேச்சும் வந்தது. பிரித்தால் ரக்ஷா ஒரு வீட்டிலும் பஸ்சிமி இன்னொரு வீட்டிலும் கிடக்கும்; அடுத்த தலைமுறைக்கு எது எதற்கு என்றே தெரியாது. எல்லாம் ஒரே பெட்டியில் அம்மாவிடமே இருக்கும். அச்சுப் பிரதி எல்லோருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மழைக்காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும். அது அண்ணன் பொறுப்பு.